பத்தாத குர்தி

வினோதாவின் சட்டை அளவு நாற்பத்தாறு. கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டாலும் பேச்சு அந்தப் பக்கம் போனால் சொல்லிவிடுவாள். பிறந்தது பிள்ளைச்சாவடி, இருப்பது வைத்திக்குப்பம், வேலை பெட்ரோல் பங்க்கில், சட்டை நாற்பத்தாறு என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும். காலாப்பட்டுக்குப் போகிற சாலையில் இருக்கும் அந்தப் பங்க்கில் அவள் சேர்ந்த அன்று மேனேஜர் அளவு கேட்டார். சொன்னாள். மறுவாரம் நீலச் சட்டையும் பேண்ட்டும் வந்தன. போட்டுக்கொண்டு வண்டிகளுக்குப் பெட்ரோல் அடிக்கப் போய்விட்டாள். ஒரு சட்டைக்கு இதற்கு மேல் என்ன கதை வேண்டிக்கிடக்கிறது?

அவளுடைய அப்பா பாலகுரு கடலுக்குப் போனவர். முதுகு விட்டுப்போனதில் இருந்து வீட்டோடு இருக்கிறார். அம்மா சாந்தி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். தம்பி ஆகாஷ் படிப்பது வினோதாவின் சம்பளத்தில். அவளைப் பெண் பார்க்க இரண்டு குடும்பங்கள் வந்தன. பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்குதே என்று சொல்லி, கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அந்த பஜ்ஜியைத் தானே தின்று தீர்த்ததாக வினோதா சொல்லிச் சிரிப்பாள். கேட்கிற நமக்குத்தான் வயிறு எரியும்.

பக்கத்து வீட்டு அபிக்கோ அவள் இப்படிப் பேசினாலே கூச்சம் பிடுங்கித் தின்னும். உடம்பைப் பற்றி இப்படிப் போட்டு உடைப்பார்களா என்று நினைப்பாள். அபி டவுனில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் வகுப்பில் ஜன்னலோர பெஞ்சு என்று ஒன்று இருந்தது. அதில் உட்காரும் நாலைந்து பெண்களும் ஒரே பிராண்ட் துணிதான் போடுவார்கள். அதன் பேரைச் சொல்லி அவர்களுக்கு ஓசி விளம்பரம் கொடுப்பானேன், அந்த பிராண்ட் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒயிட் டவுனில், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கிய ஒரு சிப்பாயின், இங்கத்துப் பேச்சில் சொல்தாவின், பழைய மஞ்சள் வீட்டில் அதன் கடை. உள்ளே போனால் சுவரில் ஆங்கிலத்தில் பெரிதாக, ‘இது எல்லாருக்கும் அல்ல’ என்று எழுதியிருக்கும். எழுதியதோடு நிற்கவில்லை, நிஜமாகவே எல்லாருக்கும் இல்லை. எம் அளவுக்கு மேல் ஒன்றும் கிடையாது. அந்த எம்மும் மற்ற கடைகளில் எஸ். அவர்களுடைய இன்ஸ்டா பக்கத்தில் வருகிற பெண்கள் எல்லாம் வெளுப்பு, எல்லாம் ஒடிசல். அபி ஒருமுறை நாலு மாதம் காசு சேர்த்து ஒரு துப்பட்டா வாங்கி, போட்டோ எடுத்து, அந்தப் பக்கத்துக்கு அனுப்பிப் பார்த்தாள். ஜன்னலோர பெஞ்சுக்காரிகளின் படங்களைப் போட்டவர்கள் அவளுடையதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வருகிறவர்களை விரட்டி வியாபாரம் பண்ணும் இந்தச் சாமர்த்தியம் நம் நேரு வீதி வியாபாரிகளுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. என் மீன் எல்லாருக்கும் கிடையாது என்று சாந்தி ஒரு பலகை மாட்டினால், சாயங்காலம் அத்தனையும் கருவாடுதான். ஆனால் பத்தொன்பது வயசுக்கு இதெல்லாம் எங்கே உறைக்கிறது? எந்த வாசலில் விடமாட்டேன் என்கிறானோ அந்த வாசலில்தான் போய் நிற்கத் தோன்றும்.

மாசி மகத்துக்கு மயிலம் முருகன் முதற்கொண்டு சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும். குப்பத்துப் பையன்கள் வருஷா வருஷம் அதற்கு செட் சட்டை எடுப்பார்கள். ஒரே நிறம், முதுகில் தெருவின் பேர். இந்த வருஷம் நீர்மோர்ப் பந்தலைப் பெண்களே நடத்துவது என்று முடிவானதும், அப்படின்னா நமக்கும் செட் டிரஸ் வேணும் என்று அமுதவல்லி ஆரம்பித்தாள். பதினோரு பெண்கள். எங்கே எடுப்பது என்று வந்தபோது எல்லாரும் காலேஜ் போகிற அபியைப் பார்த்தார்கள். அபிக்கு வேறு யோசனையே வரவில்லை. ஜன்னலோர பெஞ்சுக்காரிகள் மகம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கண் முன்னால் அந்த பிராண்ட் குர்தியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்குப் போனார்கள். கடல்பச்சையில் ஒரு குர்தி, பக்கவாட்டில் ஜிப். என்ன அளவு என்று விற்கிற பெண் கேட்க, அமுதவல்லி எம் என்றாள், சரிதா எம் என்றாள், கலைவாணியும் எம் என்றாள். ஒருத்திகூடப் போட்டுப் பார்க்க உள்ளே போகவில்லை. வினோதா அன்று டூட்டியில் இருந்தாள். காசைக் கொடுத்து, நாப்பத்தாறுன்னு சொல்லிடு என்று அனுப்பியிருந்தாள். அபி மெல்லக் கேட்டதற்கு, அதெல்லாம் எங்க பிராண்டோட லுக் இல்ல மேம் என்று அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் அபி பதினொன்றாவதாகவும் ஒரு எம்மையே எடுத்துக்கொண்டு வந்தாள். வினோதாவிடம், இழுத்தா நீளுற துணிக்கா, பத்தும் என்று கூசாமல் ஒரு பொய்யும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தபோதுதான் வந்தது வினை. அபிக்கே ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை.

அன்றைக்கு நிறுத்தியதுதான் ராச்சாப்பாடு. அம்மா வசந்தா தட்டைப் போட்டால், கேண்டீனில் தின்றுவிட்டேன் என்பாள். அம்மா கட்டிக்கொடுத்த டிபனை வகுப்பில் யாருக்காவது தள்ளிவிடுவாள். அப்பா இராமதாஸ் மகளுக்குப் பிடிக்கும் என்று ஒதுக்கிக் கொண்டுவந்த இறாலை, வாடை பிடிக்கவில்லை என்று ஒதுக்கினாள். கடலில் கிடந்து உழைத்துவிட்டு வந்த மனிதர் அதை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். ஒருநாள் பஸ்சில் கம்பியைப் பிடித்தபடி நின்றவளுக்குக் கண் இருட்டி, முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியிலேயே சரிந்தாள். அதை வீட்டில் சொல்லவில்லை. தினமும் ஜிப்பைத்தான் பார்த்தாள். ஏறினால் பந்தலில் நிற்கலாம். ஏறாவிட்டால் காய்ச்சல் என்று சுருண்டு படுத்துக்கொள்ள வேண்டும். குப்பத்தில் மற்ற எல்லாருக்கும் பத்திவிட்டது, தன் உடம்பு ஒன்றுதான் சரியில்லை என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

மகத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் குர்தி போட்டுக்கொண்டு சமுதாயக்கூடத்துக்கு வர வேண்டும், ஒரு போட்டோ எடுத்துப் பார்க்கலாம் என்று பேச்சு. வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தியும் துப்பட்டாவைத் தோளில் போடவில்லை. உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அபியும் அப்படித்தான், கையைப் பக்கவாட்டில் இறுக்கிக்கொண்டு நின்றாள். வினோதா டூட்டி முடிந்து நீலச் சட்டையோடு நேராக வந்தாள். அபியிடம் இருந்த தன் குர்தியை வாங்கிக்கொண்டு பின்னால் இருந்த சின்ன அறைக்குள் போனாள். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது அதே நீலச் சட்டையில், குர்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“எனக்குப் பத்தல. கையே நுழையல,” என்றாள். பிறகு அபியைப் பார்த்து, “அந்தக் கடைல என் சைஸ் இருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு,” என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அபி இன்னொரு பொய் சொல்லித் தப்பித்திருப்பாள்.

“இல்லக்கா. எனக்கும் பத்தல,” என்று சொன்னவள் துப்பட்டாவை எடுத்துவிட்டாள். ஜிப் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வரிசையாக ஊக்கு குத்தியிருந்தாள். இடுப்பில் ஊக்கு கிழித்து ரத்தம் கட்டியிருந்தது.

பிறகு அமுதவல்லி தன் துப்பட்டாவை உருவிவிட்டுத் திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். குர்தியின் முதுகை நீட்டுக்கும் வெட்டி, அம்மாவின் பழைய பாவாடைத் துணியை வைத்து ஒட்டுப் போட்டிருந்தாள், அதுவும் சிவப்பு. சரிதா காலையில் இருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். கலைவாணி வீட்டில் யாருக்கோ நேர்ந்துகொண்டதாகச் சொல்லி ஒரு வேளைதான் சாப்பிட்டு வந்தாளாம். ஆளாளுக்கு நம் ஒருத்திக்குத்தான் பத்தவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார்கள். சரியாகப் பத்தியது இரண்டே பேருக்கு. ஒருத்தி பத்தாவது படிக்கிற கமலா. இன்னொருத்தி அப்போதுதான் டைபாய்டில் இருந்து எழுந்தவள்.

முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அபிக்கு அழுகையும் வந்தது. வினோதா அவளைப் பிடித்துக்கொண்டு, கடைசியா எப்ப சாப்ட்ட என்று கேட்கவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் கேட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது நல்லதாகப் போயிற்று. சண்டே மார்க்கெட்டுக்கு எல்லாரும் நடந்தார்கள். வழியில் ஒரு தள்ளுவண்டியில் நின்று இட்லியும் வடைகறியும் தின்றார்கள். அபி தின்ற வேகத்தைப் பார்த்து வண்டிக்காரர் கேட்காமலே இன்னொரு ஈடு வைத்தார். உப்பும் காரமும் நாக்கில் பட்டதும் உயிர் திரும்பி வந்தாற்போல இருந்ததாக அபி இப்போதும் சொல்வாள். மார்க்கெட்டில் மாம்பழ மஞ்சளில் பதினோரு துப்பட்டா எடுத்தார்கள். அவரவர் வீட்டில் இருக்கிற சுடிதாரைப் போட்டுக்கொள்வது, மேலே துப்பட்டா மட்டும் ஒரே நிறம் என்று வினோதா சொன்னாள். துப்பட்டாவுக்கு எம்மும் கிடையாது, நாற்பத்தாறும் கிடையாது. குர்திகளைக் கடைக்காரர்கள் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். தேறியதையெல்லாம் கமலாவிடம் கொடுத்ததில், இனிக் கல்யாணம் வரைக்கும் அவளுக்குக் குர்தி பஞ்சமில்லை.

மகத்தன்று பந்தலில் மஞ்சள் துப்பட்டாக்கள் காற்றில் பறந்தன. கூட்டம் நெட்டித் தள்ளியது. மத்தியானம் ஜன்னலோர பெஞ்சுக்காரிகளும் வந்து சேர்ந்தார்கள். எடுப்பதாகச் சொன்னாயே, அந்தக் குர்தி எங்கே என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். எனக்குப் பத்தல என்றாள் அபி. சொல்லிவிட்டு அவளுக்கும் ஒரு டம்ளர் மோரை நீட்டினாள். இந்த ஒரு பதிலுக்குப் பயந்துதானா இத்தனை நாள் வயிற்றைக் காயப்போட்டோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. அந்தப் பெண்கள் அதற்குப் பிறகும் தங்கள் பெஞ்சுக்கு அவளைக் கூப்பிடவில்லை. அவளும் அந்தப் பக்கம் போகவில்லை.

சாமிகள் எல்லாம் திரும்பிப் போய், பொழுது சாய்ந்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வினோதாவும் அபியும் மணலில் உட்கார்ந்தார்கள். மனசில் கிடந்ததை அபி அப்போதுதான் கொட்டினாள். நீ மட்டும் அன்றைக்கு வெளியே வந்து சொல்லவில்லை என்றால் நான் இன்னும் பட்டினிதான் கிடந்திருப்பேன், எங்கேயாவது விழுந்துகூடச் செத்திருப்பேன், உன்னை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் என்றாள். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டாள். உனக்கு மட்டும் எங்கிருந்துக்கா அந்தத் தைரியம் என்றாள்.

வினோதா மணலைக் கிளறினாள்.

“தைரியமாவது ஒண்ணாவது,” என்றாள். “அந்த ரூமுல நின்னு அழுதுட்டு இருந்தேன்டி. நைட் டூட்டின்னு மெசேஜ் போட்டுட்டுப் பின்பக்கமா ஓடிடலாம்னுதான் பாத்தேன். கூடத்துச் சாவி வச்சிருக்கானே செம்மல், அவன் பின்கதவப் பூட்டிட்டுப் போயிருந்தான்.”

அபி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு என்று ஊருக்கே சொல்கிறவள், பஜ்ஜியைத் தின்று தீர்த்துவிட்டுச் சிரித்தவள், அந்தச் சின்ன அறையில் தன்னைப் போலவே தனியாக நின்று அழுதிருக்கிறாள். அது தெரிந்ததும் அபிக்கு அவள் மேல் இருந்த மரியாதை கூடிப்போயிற்று.

“செம்மலண்ணனுக்கு ஒரு கும்பிடு,” என்றாள். “ஆனா வெளிய வந்து நீ இன்னா வேணா சொல்லியிருக்கலாமேக்கா. கலர் புடிக்கலன்னு சொல்லியிருந்தாக்கூட நாங்க நம்பியிருப்போம். நீ பத்தலன்னுதானே சொன்ன.”

வினோதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, வீட்டில் இறால் தொக்கு இருக்கிறது என்று சொல்லி அபியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.