ஒரு சொட்டு நீடில் ஆயில்

போன வாரம் எங்கள் பனியன் கம்பெனி அயர்னிங் செக்‌ஷனில் தேய்ந்துபோன டெஃப்லான் ஷூ ஒன்றைக் குப்பையில் போட்டார்கள். துணி பளபளத்துப் போகாமல் இருக்க இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் மாட்டுவோமே, அந்த வழுவழுப்பான தகடு. யாரும் பார்க்காதபோது எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்க வீட்டில் ஆளும் இல்லை.

விரல் அதில் வழுக்கியதும் பால்ராசு நினைவுக்கு வந்தான். நான் வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டப் பழகிய காலத்தில் அவன் அங்கே கட்டிங்கில் இருந்தான். விருதுநகர்ப் பக்கத்து ஆள். மூங்கில் சீவலையும் மெல்லிய பாலிபேக்கையும் வைத்து, உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாத விமானம் செய்வான். ஜட்டி எலாஸ்டிக்கைப் பிரித்து எடுத்த ரப்பர் நூல்தான் அதற்கு இன்ஜின். ஞாயிற்றுக்கிழமை ஃபேன் எல்லாம் நின்ற பிறகு, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, கட்டிங் ஹாலில் கதவைச் சாத்திப் பறக்கவிடுவோம். நான் வாட்ச் பார்த்து நேரம் சொல்வேன். வாரம் முழுக்க நான் வாய்திறந்து பேசியது அந்த ஒரு மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

"நாப்பது செகண்டுங்க."

"எனக்கும் மரியாத, மெஷினுக்கும் மரியாத. ஏரோப்ளேனையாவது வா போன்னு கூப்பிடுய்யா!" என்பான் பால்ராசு.

ரப்பரை முறுக்கினால் அது விமானத்தின் மூக்கில் சுற்றும் காற்றாடியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். காற்றாடி மூக்குக் கட்டையில் உரசி, பாதி வேகம் அங்கேயே செத்துவிடும். டெஃப்லான் ஷூவில் பொட்டு அளவுக்கு வெட்டி, நடுவில் துளையிட்டு, வாஷராகப் போடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். போட்டோம். ஐம்பத்தைந்து செகண்டு! பால்ராசு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அதற்கு முன்போ பின்போ யாரும் என்னை அப்படித் தட்டியதில்லை.

அப்புறம் அவனுக்குத் துபாய் விசா வந்தது.

"வர்ற ஞாயிறு ஒரு நிமிசம் காத்துல நிக்கணும். நின்னா இதக் கையோட கொண்டு போவேன். இல்லேன்னா இங்கனயே கெடக்கட்டும்" என்றான்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஒரு காரியம் செய்தேன். மெஷின்காரன் புத்தி, எது சுற்றினாலும், நிட்டிங் ஊசிகளுக்கு விடுகிற நீடில் ஆயிலில் ஒரு சொட்டு விடச் சொல்லும். அவனிடம் சொல்லாமல், கட்டிங் ஹாலில் வைத்திருந்த விமானத்தின் காற்றாடி அச்சில் விட்டேன். எண்ணெய் இருக்கும் இடத்தில் பஞ்சுத் தூசி வந்து உட்காரும் என்பது, தினமும் அதைத் துடைக்கிற எனக்கு எப்படித்தான் தோன்றாமல் போனதோ.

மறுநாள் காற்றாடி திணறித் திணறிச் சுற்றியது. பதினெட்டாவது செகண்டில் விமானம் மேஜைமேல் இறங்கிவிட்டது. அச்சைச் சுற்றிப் பஞ்சு களிம்புபோல அடைத்திருந்தது. பால்ராசு நகத்தால் சுரண்டப் போனான். அச்சுக் கம்பி மூக்குக் கட்டையோடு பிய்ந்து வந்தது.

"மூடி வெக்காம போனது என் தப்புய்யா."

"இல்லீங்க..." என்று ஆரம்பித்தேன். என்ன என்பதுபோலப் பார்த்தான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றேன்.

துபாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதிலில் மழையைப் பற்றி எழுதினேன், ஆயிலைப் பற்றி எழுதவில்லை. பிறகு ரூம் மாறியதில் அவன் முகவரி தொலைந்துபோனது. அந்தக் கட்டிங் ஹாலும் இப்போது இல்லை. குறுக்கே சுவர் எழுப்பிக் கடைகளாக்கிவிட்டார்கள். பால்ராசு எங்கே இருந்தாலும் இன்னொரு விமானம் செய்திருப்பான். பாவம், தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டு, அதைத் துணி போட்டு மூடி மூடி வைத்திருப்பான்.