அரம் படாத காசுகள்

குப்பம்மாள் அந்தப் பொற்காசுகளைச் சுரண்டவில்லை. கீறல்கள் என்னுடையவை!

இதை வாசிக்கும் நீங்கள் என்னைப் பற்றி எதை நினைத்தாலும், அதைவிடக் கீழாகவே நான் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உத்திரமேரூருக்கு அருகே, ஒரு பண்ணையாரின் நிலத்தில் வரப்பு வெட்டும்போது சோழர் காலத்துக் காசுக் கலயம் அவள் மண்வெட்டியில் தட்டியது. கூலிக்காரி. ஓர் இரவு வீட்டில் வைத்திருந்துவிட்டு, விடிந்ததும் தானே மணியக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கண்டெடுத்தவளுக்குச் சட்டப்படி பங்கு உண்டு. அதில் அரைக்காணி நிலம் வாங்க நினைத்திருந்தாள்.

நான் ரசாயனம் படித்தவள். காசுகளைச் சுத்தம் செய்ய அருங்காட்சியகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, அவள் சன்னலுக்கு வெளியே நின்று சிரித்தாள்.

"இன்னா டாக்டரம்மா, காசுக்கு ஜொரமா?"

செய்யவேண்டிய முறை எனக்கு வரிசையாகத் தெரியும். ஊறவைத்தல், மூங்கில் குச்சியால் மண் எடுத்தல், மென்மையான தூரிகை, பொறுமை. ஆனால் மறுநாள் அதிகாரி புகைப்படக்காரரோடு வருவதாக இருந்தது. காசுகள் பளபளக்கவேண்டும்... கம்பித் தூரிகையை எடுத்தேன். எல்லாக் காசுகளிலும் கீறல்!

கீறல்களைக் கண்ட அதிகாரி, காசுகளை நிறுத்துப் பார்த்தார். பல காசுகள் எடை குறைந்திருந்தன.

"ஒரு ராத்திரி பூரா அவ வூட்ல இருந்திச்சே சார். அரம் போட்டு ராவிட்டா. இதுக்கு ஜோசியமா பாக்கணும்?" என்றார் பண்ணையார்.

"சத்தியமா இல்ல சாமி! டாக்டரம்மா, நீ சொல்லும்மா!" என்றாள் குப்பம்மாள்.

எனக்குத் தெரியும். கைமாறக் கைமாறத் தங்கம் தேயும். பல அரசர்களின் காசுகள் அதில் கலந்திருந்தன. பழையவை மட்டுமே எடை குறைந்தவை. கடைசியாக அச்சிட்டவை முழு எடையோடு இருந்தன. அரம் போடுகிறவள் கனத்த காசை விட்டுவிட்டு, தேய்ந்த காசையா தேடிப்பிடித்து ராவுவாள்?

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் கீறல் எப்படி வந்தது?

"ஏழை, சார். வழக்கெல்லாம் வேண்டாம்... விட்டுவிடுங்கள்" என்றேன்.

அதுவா இரக்கம்? அவளைத் திருடி என்று உறுதிசெய்த சாட்சியம் அல்லவா அது! பங்கு கிடைக்கவில்லை. பண்ணையார் வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார். அவள் செங்கல் சூளைக்குப் போனாள்.

பிறகு ஒரு கருத்தரங்கில் நான் ஒரு கட்டுரை வாசித்தேன். அரசர்கள் மாறிய பின்னும் பழைய காசுகள் புழங்கின. வணிகர்கள் காசில் இருந்த முத்திரையைவிட எடையையே நம்பினார்கள். அந்த எடைக்குறைவு நெடுங்காலப் புழக்கத்தின் தேய்மானம்... கைதட்டினார்கள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே வாக்கியம்! கீறல்களைப் பற்றி, 'கண்டெடுத்த பின் ஏற்பட்டவை' என்று மட்டும் எழுதியிருந்தேன். யாரால் என்று எவரும் கேட்கவில்லை. அந்த அவையில் குப்பம்மாளை யாருக்குத் தெரியும்?

சென்ற மாதம் உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஒளிய நினைத்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டாள்.

"டாக்டரம்மா! எங்கம்மா பூட்டே இத்தினி நாளா?"

உடன் வந்த சூளைப் பெண்களிடம் திரும்பினாள்.

"தோ, இவங்கதாண்டி! அன்னிக்கி இவங்க மட்டும் வாயத் தொறக்கலேன்னா, நான் ஜெயில்ல களி துன்னுக்கினு இருப்பேன்!"

தலைக்குமேல் கைகூப்பினாள். அந்தப் பெண்களும் கூப்பினார்கள்.

நானும் கைகூப்பினேன்.