பேசாமல் பொரிக்கும் ரொட்டி

கடல் கடந்து, லிட்கம்மில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்று பெருநாள். தொழுதுவிட்டு வரும்போது பக்கத்து வீட்டு மர்யம் பின்வளவில் ரொட்டி பொரித்துக்கொண்டிருக்கிறாள். சீனாவிலிருந்து வந்த ஹுய் முஸ்லிம் பிள்ளை. போன மாதம் ஊரில் அவளுடைய உம்மா மௌத்தாகிவிட்டார். இறந்த அவர் பேரில்தான் இந்த ரொட்டி.

நான் முப்பது வருடம் பலகாரக் கடையொன்றில் எண்ணெய்ச் சட்டியடியில் நின்றவன். முதலாளிக்குப் பார்வை மங்கல். எண்ணெய் காய்ந்ததைச் சத்தத்தை வைத்தே சொல்வார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"எண்ணெய் காயல்ல புள்ள, கொஞ்சம் பொறுங்க" என்கிறேன். மர்யம் நிமிரவே இல்லை.

மகள் ஓடி வந்து என் கையைப் பிடிக்கிறாள். "வாப்பா, வாய மூடுங்க! குளிச்சி சுத்தமாகி, ஒரு சொல்லும் பேசாமப் பொரிக்கிறதுதான் அவங்கட வழக்கம்."

எனக்குப் பகீரென்கிறது. உம்மாவுக்காகச் செய்வதைக் கெடுத்துவிட்டேனா? கடைசி ரொட்டி வெந்து வரும்வரை அசையாமல் நிற்கிறேன்.

மர்யம் அடுப்பை அணைக்கிறாள். அதுவும் வழக்கமோ என்னவோ, கத்தி எடுக்காமல் ஒரு ரொட்டியைக் கையாலேயே பிய்த்துப் பெரிய துண்டை எனக்கு நீட்டுகிறாள். கண் கலங்கியிருக்கிறது, ஆனால் மகளிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.

"என்னவாம்?"

"அவட உம்மாவும் உங்களப் போலதானாம் வாப்பா. பேச்ச நிப்பாட்டமாட்டாவாம். பெருநாளண்டு அவட மாமிதான் பொரிப்பாவாம், உம்மாவச் சட்டிக்குக் கிட்டவே விடமாட்டாங்களாம்."

நானும் சிரித்துக்கொண்டே துண்டை வாயில் போடுகிறேன். உள்ளே பஞ்சு, வெளியே மொறுமொறுப்பு. எண்ணெய் சரியாகத்தான் காய்ந்திருந்திருக்கிறது.