தேங்காய் எண்ணெய் பூசிய இசைத்தட்டு

எங்கள் வீட்டு இசைத்தட்டுக் கருவி என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர்தேசத்துப் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கண்டதும் என் கணவரிடமே பேச்சைத் தொடங்குவார்கள்.

"அண்ணை, நல்ல சாமான் போல கிடக்கு. எங்கை எடுத்தனீங்கள்?"

"அதைத் தொட எனக்கே அனுமதி இல்லை. மனுசியைக் கேளுங்கோ," என்பார் அவர்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாய வளாகத்தின் ஆய்வுகூடத்தில் விதைகளை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்ப்பது என் தொழில். அங்கே கழித்துவிட்ட பழைய நுண்ணோக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். கருவியின் ஊசிமுனையை அதில் பார்க்காமல் நான் எந்தத் தட்டையும் ஒலிக்கவிடுவதில்லை. தேய்ந்த ஊசி பாட்டைப் பாடுவதுபோலவே தட்டை உழுதுகொண்டிருக்கும். காது அதை அறியும்போது காலம் கடந்திருக்கும்.

ஊசியைத் தாங்கி, அதன் நடுக்கத்தை மின்னாக மாற்றும் விரல்நுனி அளவான பெட்டியைக் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். என்னிடம் இரண்டு உண்டு. ஒன்றின் ஊசிமுனை கூம்பாக, சற்று அகன்றிருக்கும். அது மலிவானது, பழைய தட்டுகளிடம் இணக்கமாகப் பழகும். மற்றதன் முனை மெலிந்த நீள்வட்டம். தட்டில் சுற்றிச் செல்லும் பள்ளமான வரியின் உட்சுவரில் அகன்ற முனை நுழையாத இடத்துக்கும் அது நுழையும். அங்கே பாட்டு இருந்தால் பாட்டைக் கொண்டுவரும். அழுக்கு இருந்தால் அழுக்கையும் கொண்டுவரும். எதை எப்போது மாட்டுவது என்று தீர்மானிப்பதே இக்கலையின் பாதி. மற்றப் பாதி, ஊசி தட்டின்மேல் எவ்வளவு பாரத்துடன் அமர வேண்டும் என்பது. அதற்கென்று ஒரு சிறு தராசு வைத்திருக்கிறேன். நான் அதை எடுக்கும்போதெல்லாம், "தங்கம் நிறுக்கிறா, ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ," என்பார் கணவர்.

தவக்காலம் தொடங்கிய கிழமையில், பக்கத்துத் தீவான இல்-பிசாரிலிருந்து ஒருவர் தம் தாயாரை அழைத்துக்கொண்டு வந்தார். என்னைவிட இளையவர், யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். என் கணவருடன் வேலை செய்தவர் சொல்லி எங்களைத் தேடி வந்திருந்தார்கள். துணியில் சுற்றிய சிறிய தட்டு ஒன்றை அவர் மேசைமீது வைத்தார். அவருடைய தகப்பனார் பாடிய குழுவின் பசாம் பாட்டு, தவக்காலத்தில் கோவிலில் பாடும் துயரப்பாட்டு, அதில் இருக்கிறது. பங்கு மக்கள் காசு சேர்த்துக் கொழும்பில் ஒருசில தட்டுகள் மட்டும் அடித்தார்களாம். இடம்பெயர்வுகளில் மற்றவை போய்விட்டன. தகப்பனார் இறந்தபோது இவர் கைக்குழந்தை.

"அப்பான்ர குரலை நான் கேட்டதே இல்லை அக்கா," என்றார். "நகரத்திலை ஒரு கடையிலை குடுத்துப் பாத்தன். ஒரே இரைச்சல். ஊசி வழுக்கிக்கொண்டு போச்சுது. கடைக்காரன் ஃபினி, முடிஞ்சுது எண்டிட்டான்."

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கறுத்த தட்டின்மேல் வெண்ணிற மங்கல் ஒன்று படர்ந்திருந்தது. முகர்ந்தேன். எனக்கு ஐயம் தெளிந்தது.

"அம்மா, இதுக்கு எண்ணெய் பூசினனீங்களோ?"

"ஓம் பிள்ளை. தேங்காய் எண்ணெய்," என்றார் தாயார், சிறிதும் தயங்காமல். "வந்த முதல் விண்டர் என்ர கையும் காலும் வெடிச்சுப்போச்சு. கதவு வெடிச்சுது, கதிரை வெடிச்சுது. இதுவும் வெடிச்சுப்போடும் எண்டு ஒவ்வொரு விண்டருக்கும் நல்லாப் பூசி வைச்சனான்."

"அம்மா, அது தோல் இல்லை!" என்று மகன் தலையில் கைவைத்தார்.

"வெடிச்சதோ? இல்லைத்தானே? பேந்தென்ன?"

என் கணவர் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, நுண்ணோக்கியை எடுத்து வந்தேன். தேங்காய் எண்ணெய் இந்த ஊரில் உறைந்து கிடக்கும் என்பது இங்குள்ள எந்தத் தமிழ்ச் சமையலறைக்கும் தெரியும். வருடக்கணக்கில் அது தட்டின் வரிகளுக்குள் உறைந்து, தூசியைப் பிடித்து, மெழுகுபோல் அடைத்திருந்தது. ஊசிக்கு நடக்க வழியில்லை. ஆனால் எண்ணெய் ஏறாத விளிம்போரத்தில் வரிகளின் சுவர்கள் கூர்மையாக, தேயாமல் நின்றன. தாயார் அதைப் பூசிப் பூசி வைத்தாரேயன்றி ஒலிக்கவிட்டதில்லை. கடைக்காரர் பார்த்தது அழிவை அன்று, அடைப்பை.

"தம்பி, இது செத்த தட்டு இல்லை. குளிக்க வார்க்க வேணும், அவ்வளவுதான்," என்றேன். அதைச் சொன்ன குரலில் பெருமிதம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வெந்நீர் தட்டை வளைத்துவிடும். குளிர்ந்த நீருக்கு எண்ணெய் இளகாது. கைக்குச் சற்றே இதமான காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி சவர்க்காரம் கரைத்து, நடுவிலுள்ள தாள் நனையாமல், வரிகள் ஓடும் திசையிலேயே மென்தூரிகையை ஓட்டினேன். நீர் பாலாக மாறியது. மாற்றி மாற்றி ஊற்றினேன். நீர் தெளிந்த பிறகு வெறும் வடிநீரில் அலசி நிறுத்தி வைத்தேன். அது உலரும்வரை தாயாரும் கணவரும் தேநீர் குடித்தார்கள். மகன் தட்டின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

உலர்ந்ததும், என் இரண்டு கார்ட்ரிட்ஜ்களைப் பற்றியும் கேட்டறிந்திருந்த அவர், "அக்கா, அந்த விலை கூடின ஊசியைப் போடுங்கோ. நல்லாக் கேக்கும்," என்றார்.

"இப்ப போடமாட்டன்."

"ஏன், காசு தரவோ?"

"தம்பி, உள்ளுக்கு இன்னும் என்ன கிடக்குதெண்டு தெரியாது. மெல்லிய ஊசி போய் அகப்பட்டதை எல்லாம் கிண்டும். அகலமானது முதல் நடந்து வழி பார்க்கட்டும்."

சூடாக்கியால் வறண்ட வீட்டுக் காற்றில் தட்டில் மின் ஏறித் தூசியை இழுக்கும். கரியிழைத் தூரிகையால் அதைத் தடவி அகற்றினேன். கூம்பு முனையை இறக்கினேன். பொரிவதுபோல் ஒரு சிறு ஓசை. பிறகு ஆண்குரல் ஒன்று, ஓங்கி, அழுத்தந்திருத்தமாக எழுந்தது. அதைத் தொடர்ந்து குழுவின் குரல்கள்.

மகனின் கண்கள் நிறைந்தன. "அப்பா," என்றார்.

"அது என்ர அண்ணை," என்றார் தாயார்.

மகன் திரும்பிப் பார்த்தார்.

"முன்னுக்குப் பாடுறது உன்ர மாமா. உன்ர அப்பா பின்பாட்டு. அவருக்குச் சுருதி எப்பவும் கொஞ்சம் இறங்கும். அதாலை பின்னுக்கு விட்டவை. இந்தா, கீழாலை போறார், கேக்கேல்லையே?"

மகனுக்குக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்தார், கண்ணை மூடினார், ஒலிபெருக்கியின் அருகே குந்தினார். குழுவின் குரல்கள் ஒரே போர்வையாக வந்தன. தாயாருக்கு நினைவு வழிகாட்டியது. மகனுக்கு நினைவு இல்லை. தட்டு ஓடி முடிந்தது. "பரவாயில்லை அக்கா," என்று அவர் எழுந்தபோது அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் தட்டை மறுபடி நுண்ணோக்கியின்கீழ் வைத்தேன். ஊசி நடந்த வரியில் ஒரு துகள்கூட இல்லை. ஊசிமுனையிலும் அழுக்கில்லை. இனி அஞ்ச வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜோடு கூம்பு முனையைக் கழற்றி, நீள்வட்ட முனையை மாட்டினேன்.

"இப்ப மட்டும் போடலாமோ?" என்றார் கணவர்.

"இப்ப போடலாம்."

தராசை எடுத்தேன். அன்று எவரும் தங்கத்தைப் பற்றிப் பேசவில்லை. பாரத்தைச் சரிசெய்தேன், பக்கவாட்டில் நின்று, ஊசித்தலை தட்டுக்கு இணையாக அமர்கிறதா என்று பார்த்து, ஊசியைத் தாங்கும் கைத்தண்டின் உயரத்தை மயிரிழை அளவு தாழ்த்தினேன். பிறகு இறக்கினேன்.

மாமாவின் குரல் வந்தது. குழு வந்தது. இம்முறை போர்வை இழையிழையாகப் பிரிந்தது. மூத்த குரல்கள் ஒருபுறம், இளைய குரல்கள் ஒருபுறம். அவற்றின் அடியில், சொல்லை மற்றவர்களைவிடச் சிறிது நேரம் பிடித்துவைத்து, சுருதிக்கு ஒரு நூல் தாழ்ந்து, தன்போக்கில் சென்றது ஒரு குரல்.

மகன் கையை உயர்த்தினார். எவரும் பேச வேண்டாம் என்பதுபோல.

"அதுவோ அம்மா? அந்த இழுக்கிறது?"

"அதுதான். எல்லாரும் முடிச்சாலும் அவர் முடிக்கமாட்டார்," என்றார் தாயார். பிறகு என்னைப் பார்த்து, "இவனும் பூசையிலை இப்பிடித்தான் பிள்ளை. முன்வாங்கிலை இருக்கிறவை திரும்பிப் பாப்பினம்," என்றார்.

மகன் அழுதுகொண்டே சிரித்தார். பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தை அடைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, முழுக்க வேண்டாம். அந்த இழுக்கிற இடம் மட்டும். கண்டுபிடிக்க ஏலுமோ?"

நான் கருவியின் அருகே குனிந்தேன். தட்டு சுழன்றுகொண்டிருந்தது. வரிகள் நெருங்கிக் கறுத்திருந்த பரப்பில், குழுவின் குரல் ஓங்கும் இடம் எங்கே தடித்து மின்னுகிறது என்பதை நான் முன்பே கண்டு வைத்திருந்தேன். ஊசியை ஏற்றி இறக்கும் நெம்புகோலைக்கூடத் தொடாமல், விரலால் கைத்தண்டை உயர்த்திக் கொண்டுபோய், அந்த மினுக்கத்தின் விளிம்பில் இறக்கினேன். குழு முடித்தது. அவருடைய அப்பா முடிக்கவில்லை.