மஞ்சளும் நீலமும் வாங்கிய மாப்பிள்ளை

என் நாத்தனார் சீதாவுக்கு இரண்டு முறை கல்யாணப் பேச்சு நடந்து இரண்டு முறையும் முறிந்துபோனது. முதல் இடத்தில் ஜாதகம் ஒத்துவரவில்லை என்றார்கள். இரண்டாவது மாப்பிள்ளைக்கு ரவூப் ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. பரிசம் போட்ட பிறகுதான் அது தெரியவந்தது. அதனால் மூன்றாவதாகக் கருணாகரன் வந்தபோது என் கணவர் தம்பிராஜா என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்.

"நம்ம குசினி சன்னல்லேருந்து அவன் ரூம்பு தெரியுதுல்ல? சும்மா ஒரு கண்ணு வச்சிரு. என்ன செய்யிறான், யாரு வர்றா போறான்னு பாத்துச் சொல்லு."

அது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வெளியாட்களோடு பேச வராது. பார்க்க வரும்.

கருணாகரனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மலாக்காச் செட்டி வீட்டில் பின் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் கோயிலுக்குப் போவார்கள், பொங்கல் வைப்பார்கள், ஆனால் பேசுவதெல்லாம் மலாய்தான். அவர்களிடம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தால், "ஒராங் பாய்க்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். நல்ல மனிதராம். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. சொந்தக்காரர்களை விசாரிக்கலாம் என்றால் அவருக்கு யாருமே இல்லை. அப்பா, தம்பின் என்ற ஊர்ப் பக்கம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் மலாக்கா தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனபோது அந்த ஆளையும் சேர்த்துக் கொண்டுபோனான். தண்டவாளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அம்மா சண்டை முடிந்த வருடமே போய்விட்டாள்.

விசாரிக்க ஆள் இல்லாத மாப்பிள்ளை. சீதாவுக்கோ இருபத்தாறு முடிந்துவிட்டது. இதுவும் முறிந்தால் பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று ஊர் முடிவுகட்டிவிடும், இனி வாசலுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் பெண் பார்த்து, இருவருக்கும் பிடித்து, மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கிற நாளுக்கு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பரிசம் என்று முடிவானது.

ஆடி மாதம் முழுவதும் நான் பார்த்தேன்.

மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்து வருவார். வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார். வெளியே போனால் பூட்டு. சன்னலுக்கு உள்ளே ஒரு பழைய கைலியைத் திரையாகக் கட்டியிருந்தார். ஆண்பிள்ளை தனியாக இருக்கிற அறைக்குத் திரை எதற்கு? வாரத்துக்கு ஒருமுறை ஒரு சாக்கு உள்ளே போகும். ஒன்றும் வெளியே வராது.

என் கணவர் டவுன் பேருந்தில் கண்டக்டர். அவர் கண்ணிலும் சில விஷயங்கள் பட்டன.

"இன்னிக்கு உன் மாப்பிள்ள எங்க ஏறுனான் தெரியுமா? சீனரோட சவப்பெட்டிக் கடை வாசல்ல. ஒரு சாக்கு நெறைய மரத்தூளு."

"நாற்காலி செய்யிற கடையிலயும் மரத்தூள் கெடைக்குமே."

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

அடுத்த வாரம் புக்கிட் சீனாவில் ஏறினாராம். அங்கே கல்லறைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மடியில் ஈரச் சாக்கு. "என்ன தம்பி சாக்குல?" என்று இவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். "பாசிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். கல்லறைப் பாசி. அன்று இரவு என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பொதுக் குழாயடியில் பூங்காவனம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள்.

"அடியே, ஷரீஃபுதீன் கடையில மாப்பிள்ள பின்னாடிதான் நின்னேன். என்ன வாங்குனான் தெரியுமா? பெரிய பொட்டலம் மஞ்சத்தூளு. எட்டு வில்ல நீலம்."

"துணிக்குப் போட நீலம் வாங்கியிருப்பாருக்கா."

"காக்கிச் சட்டைக்கு எவனாச்சும் நீலம் போடுவானா? மஞ்ச எதுக்கு, பூசிக் குளிக்கிறானா? சாப்பாடும் மெஸ்ஸுல. இன்னும் கேளு. ஒரு டின்னு சுண்ணாம்பு வேற. வெத்தல போடாதவனுக்குச் சுண்ணாம்பு."

"செவுத்துக்கு அடிக்கவா இருக்கும்."

"வாடக வீட்டுச் செவுத்துக்கா? நீ நல்லவடீ. நல்லவங்க வீட்டுலதான் இப்படிப் பூந்துக்குவானுங்க." பேருந்தில் என் கணவர் பார்த்ததும் அவள் காதுக்குப் போயிருந்தது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கல்லறைப் பாசி, சவப்பெட்டித் தூளு, மஞ்ச, சுண்ணாம்பு. இத வச்சிக்கிட்டுச் சமையலா பண்ணுவாங்க?"

நான் குடத்தை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். ஆனால் வீட்டுக்கு வந்து அந்தப் பொருட்களை ஒவ்வொன்றாக மனதில் அடுக்கிப் பார்த்தேன். அக்கா சொன்ன வார்த்தையைவிட அவள் சொல்லாமல் விட்ட வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது.

மெர்டேக்காவுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. ஊரெங்கும் தென்னங்குருத்துத் தோரணமும் வண்ண விளக்குமாக இருந்தது. ஆலைக்கு அரைநாள் விடுமுறை. மதியம் மூன்று மணியிருக்கும். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றப் பின்பக்கம் போனேன். எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான சாக்கடையில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது.

நிமிர்ந்து பார்த்தேன். கருணாகரன் அவர் அறைக் கதவருகே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வாளியில் எதையோ அலசிக்கொண்டிருந்தார். முழங்கைவரை சிவப்பு. சோப்பை எடுத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கை இன்னும் சிவந்தது. பக்கத்தில் சாக்கின்மேல் ஈரமாக, கருஞ்சிவப்பாக, கட்டி கட்டியாக ஏதோ கிடந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார்.

நான் எதையும் கேட்டிருக்கவில்லையே.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அப்போது ரவூப் மாப்பிள்ளைதான் என் கண்முன் நின்றார். அவரும் சிரித்துச் சிரித்துத்தான் பேசினார்.

கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "நிறுத்திருவோம். ராஜரத்தினம் மாமாகிட்ட நாளைக்கே சொல்லிருவோம்." ராஜரத்தினம் மாமாதான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த சீதா பெடலை நிறுத்தினாள்.

"அண்ணி, இதெல்லாம் நீங்க கண்ணால பாத்தீங்களா, இல்ல பூங்காவனம் அக்கா வாயால பாத்தீங்களா?"

"கையி செவப்பா இருந்துச்சு சீதா. கண்ணாலதான் பாத்தேன்."

"செவப்பா இருந்தா? கோழி அறுத்திருப்பாரு."

"வெள்ளிக்கெழமையிலயா?" என்றார் அவள் அண்ணன்.

கொஞ்ச நேரம் நூலை அறுத்து அறுத்துப் போட்டாள். பிறகு, "நேருல கேளுங்கண்ணே. என்ன ரூம்புக்குள்ளன்னு மூஞ்சிக்கு நேரா கேளுங்க. பதில் சொல்லலன்னா தட்டத் திருப்பிக் குடுத்திருங்க. நான் இந்த மெஷினையே கட்டிக்கிறேன்," என்றாள். சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் நாடே கொடியேற்றியது. நாங்களும் திடலுக்குப் போனோம். "மெர்டேக்கா! மெர்டேக்கா!" என்று எல்லோரும் கத்தினார்கள். என் கணவரும் கத்தினார். கூட்டத்தில் நான் கருணாகரனைத் தேடினேன். அவர் வரவில்லை.

ஞாயிறு காலை ராஜரத்தினம் மாமா மாப்பிள்ளையோடும், ஆலையில் வேலை செய்யும் இரண்டு நண்பர்களோடும் வந்தார். தட்டுகளில் பழம், பூ, சேலை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நகக்கண்ணில் சிவப்பு இன்னும் போகவில்லை.

"நீ ஆலத்தக் கரைச்சு வை. நடந்தா நடக்குது, இல்லன்னா கீழ ஊத்திரு," என்று கணவர் குசினிக்கு வந்து என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆரத்தித் தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூளைப் போட்டேன். காதெல்லாம் கூடத்தில் இருந்தது.

"தம்பி, தட்டு மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க," என்றது கணவரின் குரல்.

"கேளுங்கண்ணே."

"அந்த ரூம்புக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?"

சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தேன்.

"சவப்பெட்டிக் கடையில தூளு எதுக்கு? கல்லறையில பாசி எதுக்கு? வெள்ளிக்கெழம உங்க கையில செவப்பு எதுக்கு? பாத்தவங்க இருக்காங்க."

"அது... சொல்றாப்புல இல்லண்ணே."

"சொல்றாப்புல இல்லன்னா அது என்ன சாமான்?"

நான் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்தேன். மஞ்சள் தண்ணீர் என் விரலைச் சுற்றிச் சிவந்து, அப்படியே தட்டு முழுவதும் பரவியது. பத்து வருடமாக எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை பிள்ளைகளுக்கு ஆலம் கரைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் விரல் இப்படித்தான் சிவக்கும். சோப்புப் போட்டால் இன்னும் சிவக்கும். சாக்கடையில் ஓடியதும் இந்தச் சிவப்புத்தான். என் விரலைவிட்டு அவர் கையை மட்டும் ஒரு மாதம் பார்த்திருக்கிறேன்.

கூடத்தில் ராஜரத்தினம் மாமா தொண்டையைச் செருமி, "அப்ப தட்ட எடுத்துக்கிறோம்," என்றார். நாற்காலி நகர்ந்தது.

தட்டோடு நான் கூடத்துக்குப் போனேன். ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருக்கிற கூடத்துக்குள் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை. கணவரைப் பார்க்காமல் மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"மஞ்சளச் சுண்ணாம்பு மேல போட்டீங்களா?"

அவர் நிமிர்ந்தார். "ஆமாங்க."

"போட்டா செவக்கும். தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாதுங்க," என்றார். பிறகு, அழுகிறவர் மாதிரி, "மலை முழுக்கச் செவந்துபோச்சுங்க," என்றார்.

"மலையா?" என்றார் ராஜரத்தினம் மாமா.

எல்லோரும் சாக்கடையைத் தாண்டி அவர் அறைக்குப் போனோம். அவர் பூட்டைத் திறக்கவே நேரமெடுத்தது. உள்ளே கட்டில் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பலகை. அதைச் சுற்றித் தண்டவாளம். தண்டவாளத்தின் மேல் சாவி கொடுத்தால் ஓடுகிற தகர ரயில், பின்னால் மூன்று பெட்டிகள். ஊருக்குத் திரும்பிப் போன ஆலைத் துரை ஒருவர் விற்ற சாமான்களில் அதை வாங்கியிருக்கிறார். ரயில் வாங்கியதோடு கையிருப்பு தீர்ந்துவிட்டதாம். துரை வைத்திருந்த மாதிரி சீமை மரமும் சீமைப் புல்லும் வாங்க வழியில்லை. அதனால் எல்லாம் கைக்குக் கிடைத்ததில்தான். பீர்க்கங்கூட்டைக் கிள்ளி மரம். கல்லறைப் பாசியில் புதர். விளக்குமாற்றுக் குச்சியில் தந்திக் கம்பம், கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு நூல். உடைந்த முகக்கண்ணாடியில் குளம். டீ வடித்த சக்கையைக் காயவைத்துப் போட்ட மண் பாதை. ரப்பர் மரத்து வரிசையைக்கூட விடவில்லை. மஞ்சளையும் நீலத்தையும் கலந்து மரத்தூளுக்குச் சாயம் போட்டால் புல் பச்சையாகிவிடும் என்று அவரே கண்டுபிடித்திருக்கிறார். சமவெளியில் அந்தப் பச்சை நன்றாகத்தான் இருந்தது.

நடுவில் மலை. கஞ்சியில் ஊறவைத்த காகிதத்தால் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி, அது காய்வதற்குள் பச்சைத் தூளைத் தூவியிருக்கிறார். பாதி மலையில் தூளைச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தார். மீதிப் பாதி காயம்பட்ட இடம் மாதிரி கருஞ்சிவப்பாக இருந்தது.

"மூணு தடவ போட்டேன். மூணு தடவயும் இப்படித்தான்," என்றார் கருணாகரன்.

ஆலை நண்பர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜரத்தினம் மாமாவால் அது முடியவில்லை. "முப்பத்து மூணு வயசு ஆளு! பொம்ம ரயிலு! இதுக்கா நான் என் மானத்த அடகு வச்சிட்டு ஒக்காந்திருந்தேன்?"

என் கணவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "ஏன் தம்பி, இதச் சொன்னா என்ன?"

"இந்தா, இதுக்குத்தான்," என்று மாமாவைக் கண்ணால் காட்டினார் மாப்பிள்ளை.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தேன். வாளி, சாக்கு, ஒரு ஜோடிச் செருப்பு. வேறொன்றும் இல்லை. ஆனாலும் சாக்கைக் காலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தேன்.

சீதாவை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே பட்டுச் சேலையோடு வந்து கதவருகில் நின்றாள். பலகையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். மலையடிவாரத்தில் தீப்பெட்டியால் செய்த ஒரு சின்ன வீட்டுக்கு முன்னால் அவள் பார்வை நின்றது. ரயில்வே கேட் வீடு. கேட்டுக்குத் தீக்குச்சியில் சிவப்பும் வெள்ளையும் தீட்டியிருந்தது. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"சிரிப்பாங்கன்னுதான் பூட்டி வச்சீங்களா?"

"ஆமா."

"நான் சிரிக்கத்தான் செய்வேன். சிரிச்சா செத்தா போயிருவீங்க?"

"இல்ல," என்றார் அவர்.

"அண்ணே," என்று தம்பிராஜாவிடம் திரும்பினாள். "சாமி கும்புட்டுத் தட்ட மாத்துங்க. வந்தவங்களுக்கு இன்னும் ஒரு வாய் காப்பி குடுக்கல. அண்ணி கையில ஆலம் வேற காயுது."

அப்போதுதான் தட்டு இன்னும் என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன்.

தையில் கல்யாணம் நடந்தது. இப்போது பதினோரு வருடமாகிறது. அவர்கள் செமாபோக்கில் இருக்கிறார்கள். இரண்டு பெண்பிள்ளைகள். சுண்ணாம்புக்குப் பதில் களிமண் பூசினால் மஞ்சள் மாறாது என்று சீதாதான் சொல்லிக்கொடுத்தாள். மலை இப்போது பச்சையாகவே இருக்கிறது. கருணாகரன் நல்ல மனிதர்தான். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பவர் அவர்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மனம் ஆறவில்லை. பார்த்தவங்க இருக்காங்க என்று அன்று கணவர் சொன்னாரே, அது யார் என்று அவர் கேட்காத வருடமில்லை. கணவர் சொல்லமாட்டார். சாக்கடையருகே நான் பார்த்ததை அவர் மறக்கவில்லை; ஆனால் காப்பாற்றியவளே காட்டிக்கொடுத்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோதும் என்னிடம் கேட்டார்.

"பூங்காவனம் அக்காதானே சொன்னது? மூஞ்சியே சரியில்ல அந்த அம்மாவுக்கு. நீங்க மட்டும் அன்னிக்கு வெளிய வரலன்னா என் கதி என்னங்க?"

பத்து வருடத்துக்கு மேலாக அவர் பூங்காவனம் அக்காவோடு பேசுவதில்லை. அவளுக்கும் ஏன் என்று தெரியாது. என்னிடம் வந்து புலம்புவாள். அன்றும் நான் அவருக்கு இன்னும் இரண்டு முறுக்கு எடுத்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.