இருட்டு மாமாவும் சனியும்

அந்தக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியனுக்குப் பெயர் ‘இருட்டு மாமா’. மாதம் ஒருநாள் குடியிருப்போர் சங்கத்தார் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து, புதிதாக வானம் பார்க்க வருபவர்களுக்குக் கிரகங்களைக் காட்டுவார்கள். வளாகத்து விளக்குகளை அணைப்பது இவர் வேலை. அணைத்துவிட்டு நகர்ந்தால் யாராவது வந்து போட்டுவிடுவார்கள். அதனால் ஜன்னலில்லாத சுவிட்ச் அறையில் காவலும் இவரே. மூன்று வருடமாக எல்லாருக்கும் வானம் காட்டியவர், அங்கிருந்து ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை.

“ஒரே ஒரு தடவை சனியைப் பாத்துட்டு வந்துடறேன்” என்று மனைவியிடம் கெஞ்சி, அவளை அறையில் உட்கார வைத்துவிட்டு ஆறு மாடி ஏறினார். வரிசையில் நின்று, மூச்சிரைக்கக் குனிந்து கண்ணை வைத்தார். வளாகமே பளீரென்று வெளுத்தது.

“இருட்டு மாமா! அங்க என்ன தூக்கமா?” என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழ்நோக்கிக் கத்தினார் சங்கச் செயலாளர். அவர் பக்கத்திலேயே நின்ற இருட்டு மாமா ஓசைப்படாமல் இறங்கினார்.

“கால்ல பல்லி விழுந்துச்சுங்க, அதான் போட்டுட்டேன்” என்றாள் மனைவி. “சனியைப் பாத்தீங்களா?”

அவர் சுவிட்சை இறக்கினார். மேலே கைதட்டல் கேட்டது.

“நான் எங்க பாத்தேன்? அதுதான் என்னைப் பிடிச்சு மூணு வருஷமாச்சு.”