என் பித்தக் கற்களைப் பார்க்க வந்த தெரு

எழுபதுகளின் நடுவில் நான் திருவொற்றியூரில் தகர டப்பா செய்கிற கம்பெனி ஒன்றில் மூடி பொருத்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டு போதும் என்று நாங்கள் இருவரும் பேசி, ராயபுரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போய்க் கருத்தடை மாத்திரை எழுதி வாங்கிவந்தோம். வீட்டில் வேறு யாருக்கும் சொல்லவில்லை. மாத்திரை போடத் தொடங்கியதும், மாதா மாதம் நாள் தள்ளிப்போகுமோ என்றிருந்த பயம் போய்விட்டது. வேலைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போவேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனபோது வலி வந்தது. மதியச் சாப்பாட்டுக்குத் தோழி ஆட்டுக்கால் பாயா கொண்டுவந்திருந்தாள். ஆசையாகச் சாப்பிட்டு வந்து மெஷின் முன்னால் நின்றேன். வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுத் துணி பிழிகிற மாதிரி முறுக்கியது. முதுகைச் சுற்றித் தோள்பட்டைக்கு ஏறியது. வாந்தி எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாப்பூடும்" என்றார்கள். சரியாகவும் போனது. பிறகு மறுபடி வந்தது.

தெருமுனை டாக்டர் குடல்புண் என்றார். பாலை ஆடையோடு குடிக்கச் சொன்னார். குடித்தேன், வலி இன்னும் அதிகமாக வந்தது. வீட்டுக்காரரின் அக்கா எங்களோடுதான் இருந்தார். நான் அவரை அண்ணி என்பேன். ஏழு பிள்ளை பெற்றவர், மீன் வியாபாரம் செய்து அத்தனை பேரையும் வளர்த்தவர். அவர்தான் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இந்த டாக்டர் வேலைக்கு ஆவமாட்டான். கெளம்பு, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்" என்று என் கையைப் பிடித்து பஸ் ஏற்றினார்.

அங்கே எங்களைப் பார்த்தது மிக இளம் வயது லேடி டாக்டர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்தால் வலி வருகிறதா என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. படுக்க வைத்து, வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, "நல்லா மூச்சை இழுங்க" என்றார். இழுத்தேன். பாதியில் மூச்சு அப்படியே நின்றுவிட்டது. கண்டுபிடித்துவிட்ட மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

"குடல்புண் இல்லைம்மா. பித்தப்பையில கல்லா இருக்கலாம். வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

அண்ணி பக்கத்திலேயே நின்றார். ஆனால் அந்த டாக்டரிடம் மறைக்க மனம் வரவில்லை. "புள்ள வேணாம்னு ஒரு மாத்திர போட்டுக்கினு கீறேன்" என்றேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்படி ஒரு மாத்திர கீதுன்னு எனக்கு எவளும் சொல்லலியே" என்றார், மெதுவாக. "நாலோட நிறுத்தியிருப்பேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான், வலியோடு. பிறகு அவர் விளக்கினார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கல் கொஞ்சம் அதிகமாக வருகிறது என்று வெளிநாட்டு டாக்டர்கள் எழுதத் தொடங்கியிருக்கிறார்களாம். "பிள்ளை பெத்தவங்களுக்கும் வரும், சும்மாவும் வரும். இதாலதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இன்னைக்கே நிறுத்திடுங்க."

முதலில் படம் எடுக்க வேண்டும் என்றார். முந்தின நாள் சாயங்காலம் விழுங்க வேறு மாத்திரைகள் கொடுத்தார்கள். அந்த மருந்து பித்தப்பையில் போய்ச் சேர்ந்தால்தான் எக்ஸ்ரேயில் பை தெரியுமாம். காலையில் வெறும் வயிற்றோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சின்னக் கத்தரிக்காய் மாதிரி வெள்ளையாக ஒரு பை. அதற்குள் கறுப்பு கறுப்பாக வட்டங்கள்.

"இதோ இருக்காங்க பாருங்க" என்றார், விருந்தாளிகளைக் காட்டுகிற மாதிரி.

எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? வேலைக்கு வரச் சோம்பல், நடிப்பு என்றெல்லாம் கம்பெனியில் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்திருந்தது. இப்போது என் வலி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. படத்தை வாங்கி, கூட வந்திருந்த வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இத்தினி கல்ல வச்சிக்கினா வேலைக்குப் போய்க்கினு இருந்தே?" என்றார்.

ஆபரேஷன் என்றதும் அவர்தான் அழுதார். எனக்குப் பயத்தைவிட, அவற்றை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆவல்தான் பெரிதாக இருந்தது. மயக்கம் தெளிந்ததும் நான் கேட்டது தண்ணீர் அல்ல. "கல்லு எங்க?" என்றேனாம்; நர்ஸ் பிறகு சொன்னார். விலாவை ஒட்டி நீளமாகத் தையல். இருமினால் உயிர் போனது. ஆனாலும் அந்த முறுக்கும் வலி இல்லை. தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை.

கற்களை ஒரு மருந்து பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். மஞ்சளும் பழுப்புமாக, கொண்டைக்கடலை அளவில், பட்டை தீட்டியதுபோல் வழவழவென்று இருந்தன. நான் வீடு வந்ததும் தெருவே பார்க்க வந்தது. அண்ணி பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கிக் காட்டினார். ஒருவர் மூக்குத்திக்கு வைக்கலாம் என்றார். எதிர்வீட்டுப் பெண் மட்டும் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, "எனக்கும் அதே எடத்துலதான் வலிக்குது. அந்த மாத்திரதான் நானும் போடறேன்" என்றாள். அவளை அதே டாக்டரிடம் அனுப்பிவைத்தேன்.

மாத்திரை நின்றுபோனது, பழைய பயம் திரும்பி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே, "நானே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணிக்கிறேன்" என்றார்.

"ஆம்பளைக்கு எதுக்கு? ஆர்பர்ல கூட வேல செய்றவனுங்க கிண்டல் பண்ணுவானுங்க" என்றேன்.

"உன்ன ஒருக்கா அறுத்தது போதும். கிண்டல் பண்றவன் வந்து வலிய வாங்கிக்குவானா?"

அண்ணி குழம்புச் சட்டியிலிருந்து பெரிய மீன் துண்டாக எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்தார். "சாப்புடு. நாளிக்கே போயிட்டு வந்துரு, மனசு மாறிடப் போவுது" என்றார்.

அவர் போய்விட்டு வந்தார். அந்த வாரமே நான் லீவு முடிந்து மறுபடி வேலையில் சேர்ந்தேன்.